ஹவாயன் கிற்றாரின் எடையும் நாதமும்

இசைக்கருவிகளைத் தோல், துளை, நரம்பு, கஞ்சம், மிடறு என ஐவகையாகப் பகுத்துரைப்பர் நம் முன்னோர். அவற்றுள் நரம்புக்கருவியின் பாற்பட்ட ஹவாயன் கிற்றாரைப் பற்றி ஈண்டு ஆராயப் புகுகின்றோம். மடிமீது கிடத்தி, இடக்கையிற் பிடித்த உருக்குத் துண்டைத் தந்திகளின்மேல் வழுக்கி வாசிக்கப்படுதலின் இதனை மேனாட்டார் லாப் ஸ்ரீல் என வழங்குவர். இக்காலத்தில் இக்கருவியை எடை குறைவாகச் செய்வார் பலர். எடை குறையின் நாதமும் குறையுமா என்பதே வினா. பாரமே தரம் என்னும் கொள்கை பித்தளைப் பாத்திரம் வாங்குவோர்க்குப் பொருந்தலாம். இக்கருவிக்கு முற்றும் பொருந்தாது என்பது நம் கருத்து.

இக்கருவியைக் கண்டவனாகப் பெரிதும் போற்றப்படுபவன் ஒரு பாடசாலை மாணவன் என்பதை நம் மாணவர் அறிந்து மகிழ்வாராக. ஹொனலூலு நகரத்துக் கமேஹமேஹா பாடசாலையிற் பயின்ற ஜோசப் கெக்குக்கு (1874–1932) என்பானே அவன். 1880களின் பிற்பகுதியில் உருக்குத் துண்டொன்றைத் தந்தியின்மேல் வழுக்கி வாசிக்கும் முறையை அவன் வகுத்தான் என்பர். 1904இல் அமெரிக்கப் பெருநிலம் சென்று அம்முறையைப் பரப்பினான். 1920களில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்து ஹேர்மன் வைசன்போர்ன், குடம் மட்டுமன்றித் தண்டும் உட்குடைவாக அமைந்த கிற்றார்களைக் கோவா மரத்திற் செய்தார். அவை கைக்கு இலேசானவை, செவிக்கு இனியவை.

இனி நாதத்தின் இயல்பைக் காண்பாம். மீட்டிய தந்தியிடம் உள்ள ஆற்றல் சிறிதே. தந்தியைத் தாங்கும் குதிரை நெகிழ்ந்து கொடுத்தால் அவ்வாற்றல் விரைவிற் குடத்துட் புகுந்து காற்றை அசைக்கும்; ஓசை பெரிதாகும், ஆனால் கார்வை குறுகும். குதிரை அசையாது நின்றால் ஆற்றல் தந்தியிலேயே தங்கும். ஓசை சிறிது, கார்வை நீண்டது. செல்வத்தை ஒருநாளிற் செலவிடுவானும் சிறுகச் சிறுகச் செலவிடுவானும் போல என்க.

மின்சாரம் வந்தபின் ஓசையைப் பெருக்கும் வேலை குடத்தினின்றும் நீங்கிற்று. காந்தமும் செப்புக் கம்பிச் சுருளும் கொண்ட பிக்கப் என்னும் உறுப்பு, உருக்குத் தந்தியின் அசைவை நேரே மின்னாக மாற்றும். ஜோர்ஜ் போஷாம் என்பவர் 1931இல் இதற்கு மரத்தால் ஒரு மாதிரி அமைத்தார். 1932இல் அது வார்ப்பு அலுமினியத்தில் விற்பனைக்கு வந்தது. காம்பு வைத்த பொரிசட்டி போன்ற தோற்றமுடைமையால் அப்பெயரே அதற்கு நிலைத்தது. கார்வை சிறந்தது, சுருதியோ நிற்கவில்லை. அலுமினியம் வெப்பத்தால் உருக்கைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விரியும். மேடை விளக்கின் சூட்டில் உடல் ஒருவாறும் தந்தி வேறொருவாறும் விரிய, வாசிப்போர் இடர்ப்பட்டனர். 1935இல் பேக்கலைற்றால் ஆன உடல் வந்தது இக்குறை நீங்கவே. அதுவும் பாரமானதே.

பாரத்தால் விளையும் பயனென நாம் கருதுவதிற் பெரும்பகுதி உண்மையில் வளையாமையால் விளைவது. இவ்விரண்டையும் பிரித்தறிந்ததே இக்காலச் சிற்பியர் திறன். சாதாரணக் கிற்றாரில் இடக்கை தண்டைச் சுற்றிப் பிடித்து, விரல்கள் தந்தியை மெட்டோடு அழுத்த வேண்டும். ஆகவே தண்டு மெலிந்திருத்தல் இன்றியமையாதது. ஹவாயன் கிற்றாரில் மெட்டுக்கள் வெறும் அடையாளக் கோடுகளே. தண்டு எத்துணை ஆழமாயினும் வாசிப்போர்க்கு இடையூறில்லை. ஒரு சட்டத்தின் அகலம் மாறாதிருக்க அதன் ஆழத்தை இருமடங்காக்கினால், வளையாமை எட்டு மடங்காகும் என்பது பொறியியற் கணக்கு. எடையோ இருமடங்கே ஏறும். எனவே குதிரையிலிருந்து பிருடைத் தலை வரை ஆழமான நடுச்சட்டத்தை நிறுத்தி, இருமருங்கும் மரத்தைக் குடைந்தெறியலாம். 1990களின் பிற்பகுதியிற் கலிபோர்னியாவிற் பில் ஆஷர் என்பார் பென் ஹார்ப்பர் என்னும் வாத்தியக்காரருக்காக அமைத்த மின் கிற்றார், வைசன்போர்ன் வடிவைத் தழுவி உட்குடைவுடன் இயன்றது.

மரத்தேர்வும் உதவும். ஒரு கன மீற்றர் மேப்பிள் ஏறத்தாழ 700 கிலோ, மஹோகனி 550, போலோனியா 300 அளவே. யப்பானியர் தம் கோட்டோ யாழைத் தொன்றுதொட்டுப் போலோனியாவிலேயே செய்துவருகின்றனர். தந்தியின் நீளமும் கருதத்தக்கது. 22½ அங்குலத்தை 25 அங்குலமாக்கின், அதே தந்தியை அதே சுருதியில் நிறுத்த நூற்றுக்கு 23 பங்கு மிகுந்த இழுவிசை வேண்டும். இலேசான உடலுக்குக் குறுகிய தந்தியே ஏற்றது.

குடைந்த உடலிற் குறையே இல்லையெனக் கூறோம். அதற்கெனச் சில இயல்பான சுரங்கள் உண்டு. அச்சுரங்களை வாசிக்கும்போது உடல் தானும் அதிர்ந்து தந்தியின் ஆற்றலைக் கவரும். ஆதலின் ஒரு சுரம் நீள, அடுத்தது சட்டென மாயும். ஒலிபெருக்கியை மிக உயர்த்தினால் ஊளையிடவுஞ் செய்யும். ஆயினும் மீட்டிய கணத்தில் மரத்தின் இனிமை கலந்த ஒரு குழைவு உண்டே, அது வார்ப்பு அலுமினியத்திற் கிட்டாது.

இன்னொன்றைப் பலரும் மறந்துவிடுகின்றனர். தந்தியின் ஒரு முனை குதிரை. மறுமுனை இடக்கையிலுள்ள உருக்குத் துண்டு. நம் கோட்டு வாத்தியத்தில் வழுக்கும் கருங்காலி உருளையின் இடமும் இதுவே. அத்துண்டு இலேசாயின் தந்தியோடு சேர்ந்து நடுங்கிக் கார்வையைக் கெடுக்கும். கருவியின் பாரத்தைக் குறைக்கலாம். கையிலுள்ள துண்டின் பாரத்தைக் குறைத்தல் ஆகாது. கருவியும் மட்டின்றி இலேசாயின், கமகத்துக்காக இடக்கை அசையுந்தோறும் அது மடியில் வழுக்கும். அடியில் ஆட்டுத்தோலோ முரட்டுத் துணியோ இட்டால் அவ்வளவில் அமையும்.

வாங்க விரும்புவோர் முதலில் நிறுத்துப் பார்க்க வேண்டா. ஒவ்வொரு தந்தியையும் வெறுமனே மீட்டுக. பின்னர் உருக்குத் துண்டை ஐந்தாம் கோட்டிலும் பன்னிரண்டாம் கோட்டிலும் வைத்து மீட்டி, ஒலி எத்தனை எண்ணிக்கை நிற்கின்றதென எண்ணுக. அவற்றுக்கிடையே உள்ள கோடுகளிலும் அவ்வாறே செய்து, எந்தச் சுரம் முந்தி மாய்கின்றதெனச் செவி சாய்த்துக் கேட்க.