சி.டி. போட்டும் எழாத பழைய கம்ப்யூட்டர்

நம் காங்கேயம் வட்டாரக் கடைகளிலும் எண்ணெய் ஆலைகளிலும் பத்து, பதினைந்து வருடமாகப் பில் போட்டு உழைத்த கம்ப்யூட்டர்கள் இன்னும் நிறைய உள்ளன. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14ஆம் தேதியும், விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியும் முடிந்துவிட்டன. சரி, வேறு சிஸ்டம் ஏற்றலாம் என்று டிஸ்க்கைப் போட்டால், அதைக் கண்டுகொள்ளாமல் பழைய திரையே வந்து நிற்கிறது. "மதர்போர்டு போச்சுங்க, பழைய இரும்புக்குப் போட்டுருங்க" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். விலை பேசும் முன் நாமே சிலவற்றைப் பார்த்துவிடலாம்.

முதல் வேலை கணக்கு. புது சிஸ்டம் ஏற்றும்போது ஹார்டு டிஸ்க்கில் உள்ளது அழிந்துபோகலாம். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆம் பிரிவோ, ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்கச் சொல்கிறது. ஆகவே பழைய விண்டோஸ் எழும்போதே டேலி டேட்டா, பில் பேக்கப் எல்லாவற்றையும் பென் டிரைவில் எடுத்து, இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்து, போன மார்ச் கடைசி பில் தெரிகிறதா என்று பார்த்துவிட வேண்டும். காப்பி முடிந்தது என்று திரை சொன்னால் மட்டும் போதாது. டேலி லைசென்ஸையும் அதே கம்ப்யூட்டரில் சரண்டர் செய்துவிடுவது நல்லது.

இனி டிஸ்க்குக்கு வருவோம். சி.டி.யிலிருந்தே கம்ப்யூட்டர் எழும் முறையை ஐ.பி.எம்., ஃபீனிக்ஸ் நிறுவனங்கள் 1995ல்தான் வகுத்தன. அதற்கு முந்தியவற்றுக்கு பிளாப்பி வேண்டும். பிந்தியவற்றிலும் எதை முதலில் தேடுவது என்ற வரிசை பயாஸில் உள்ளது. சுவிட்ச் போட்டதும் டெலிட் அல்லது எஃப் 2 கட்டையைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் திறக்கும். அங்கே சி.டி. டிரைவை ஹார்டு டிஸ்க்குக்கு மேலே ஏற்ற வேண்டும். மறுநாள் அந்த வரிசை தானே மாறி, தேதியும் பழைய வருடத்துக்குப் போயிருந்தால் மதர்போர்டில் உள்ள வட்ட பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள். பெரும்பாலும் சி.ஆர். 2032தான், கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். இதை மாற்றாவிட்டால் பில்லிலும் தவறான தேதி விழும்.

விண்டோஸ் டிஸ்க் எழும்போது, ஏதாவது ஒரு கட்டையை அழுத்தச் சொல்லி ஒரே ஒரு வரி சில வினாடி மட்டும் வரும். நாமும் ஒரு முறை கல்லாவில் சில்லறை எண்ணிக்கொண்டே அந்த வரியைத் தவறவிட்டு, அரை நாள் டிஸ்க்கையே குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

டிஸ்க் எழுதியவர் மீதும் ஒரு கண் வேண்டும். ஐ.எஸ்.ஓ. என்ற கோப்பை அப்படியே காப்பி செய்து கொடுத்துவிடுகிறார்கள். திறந்து பார்த்தால் உள்ளே அந்த ஒரே கோப்பு கிடந்தால், அதிலிருந்து கம்ப்யூட்டர் எழவே எழாது. இமேஜாக எழுதித் தரச் சொல்லுங்கள். வெறும் சி.டி. டிரைவ் டி.வி.டி.யைப் படிக்காது. விண்டோஸ் 10ன் பிந்தைய 64 பிட் பதிப்புகள் பெரும்பாலும் சாதாரண 4.7 ஜி.பி. டி.வி.டி.யிலும் அடங்குவதில்லை. 32 பிட் பிராசஸரில் 64 பிட் சிஸ்டம் ஏறாது.

கொப்பரைக் களத்துத் தூசியும் தவிட்டுத் தூசியும் டிரைவின் லென்ஸில் படிந்திருந்தாலும் இதே கதைதான். வேறொரு டிஸ்க்கும் ஓடாவிட்டால் டிரைவைச் சந்தேகிக்கலாம். அப்போது டிரைவை மறந்துவிட்டு, பென் டிரைவில் இமேஜ் ஏற்றி, பயாஸில் யூ.எஸ்.பி.யை முதலில் வைத்துப் பாருங்கள். கணக்கு எடுத்த பென் டிரைவை இதற்குத் தொடவே கூடாது. இமேஜ் ஏற்றினால் அதில் இருந்தது அழிந்துவிடும்.

பழைய விண்டோஸும் எழவில்லை, கணக்கும் எடுக்கவில்லை என்றால் மேற்கொண்டு எதையும் ஏற்றாமல் நிறுத்துங்கள். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, யூ.எஸ்.பி. கன்வெர்ட்டர் கேபிளில் மாட்டி, நல்ல கம்ப்யூட்டரில் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். மதர்போர்டே போயிருந்தாலும் ஹார்டு டிஸ்க் நன்றாக இருந்தால் கணக்கு அதில் இருக்கும்.