சட்டை எடுக்கும் முன்

ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்குச் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. சாயக்கழிவு தனி. திருப்பூர்ச் சாயநீர் நொய்யல் ஆற்றில் இறங்கி ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. 2011-இல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றமே உத்தரவிட வேண்டியிருந்தது. அதை நினைத்தால் வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை.

ஆகவே, நெடுநாள் உழைக்கும் உடையாக எடுங்கள். வாங்கும்போது துணியை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். தையலோரம் தாராளமாகத் துணி விட்டிருந்தால், பிள்ளை வளர்ந்தாலும் பிரித்துத் தைக்கலாம். தள்ளுபடிக்காக மட்டும் எடுக்காதீர்கள்.

பாலியெஸ்டர் ஒவ்வொரு துவைப்பிலும் நுண்பிளாஸ்டிக் இழைகளை உதிர்க்கும். அதனால் வியர்வை படாததைத் துவைக்காமல் காற்றாடப் போட்டாலே போதும். சாயம் வெளுக்காமலிருக்க, வண்ணத் துணியைப் புரட்டி நிழலில் உலர்த்துங்கள். ஜிப் போனால் தெருமுனைத் தையல்காரரிடம் கொடுங்கள். நைந்த பருத்தி வேட்டி, அடுப்படிக்குக் கரித்துணி.