சாரல் ஊரில் குளிர்ந்த வீடு

தென்காசியில் வீடு கட்டப்போகிறேன். தெர்மாகோல் அச்சுகளுக்குள் கான்கிரீட் ஊற்றிச் சுவர் எழுப்பினால் கரண்ட் பில் குறையுமாமே, செய்யலாமா?
– ஒரு வாசகர், தென்காசி

அன்பரே, மாதக்கணக்கில் வீட்டைச் சூடேற்றிக் காக்க வேண்டிய குளிர்தேசங்களுக்கே விசேஷமாகப் பொருந்தும் அந்த முறைக்குச் செலவிடும் பணத்தை, பங்குனி சித்திரை வெயிலை நேரே தலையில் வாங்கும் மொட்டைமாடிக்குச் செலவிட்டு, வெள்ளைக் கூலிங் டைல்ஸ் பதித்துக்கொள்வதே உத்தமம் என்பது என் திடமான அபிப்பிராயம். சுவருக்கோ, மலைக்கு அப்பால் திருவனந்தபுரத்தில் கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர் பிரபலமாக்கிய ‘எலிப்பொறிக் கட்டு’ இருக்கிறது. செங்கற்களைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி அடுக்குவதால் 9 அங்குலச் சுவரின் நடுவே 3 அங்குல வெற்றிடம் உண்டாகி, அங்கே அடைபட்ட காற்று உஷ்ணத்தைத் தடுப்பதோடு, செங்கல்லிலும் சுமார் 25 சதவிகிதம் மிச்சமாகும். கலவை போடுகையில் அந்த இடைவெளியின் மேல் ஒரு மரச்சட்டத்தை வைத்துக்கொள்ளும்படி கொத்தனாரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்; கலவை உள்ளே விழுந்து அடைத்துவிட்டால் பிரயோஜனமே போய்விடும். மூலைகளிலும் நிலைகளின் ஓரங்களிலும் மட்டும் வெற்றிடம் வேண்டாம். ஆரியங்காவுக் கணவாய் வழியே ஆனி ஆடியில் பாய்ந்து வரும் மேல்காற்று சாரலையும் சுமந்து வருமாதலால், மேற்கு ஜன்னல்களை அடைத்துவிடாமல், 2 அடிக்குக் குறையாத சன்ஷேடு வைத்துக் கட்டுங்கள். அந்தக் காற்றை வாசலில் நிறுத்திவிட்டு ஏ.சி. வாங்க மனம் வருமா?