ஐபோன் 16இ: அறுபதாயிரத்துக்குத் தகுமா?

கேள்வி: வீட்டிலிருந்தபடியே சேலை விற்கிறேன். வாட்ஸ்அப் குரூப்பில் படம் போடுவேன், சாயங்காலம் இன்ஸ்டாகிராமில் லைவ் வருவேன். இப்போது வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு போன் லைவ் பாதியில் இருக்கும்போதே சூடாகி மக்கர் செய்கிறது. ஐபோன் 16இ வாங்கலாம் என்கிறாள் மகள். "ஒத்தை கேமரா, 60 ஹெர்ட்ஸ் ஸ்கிரீன், இதுக்கு அறுபதாயிரமா?" என்று சிரிக்கிறான் மகன். இரண்டு பேரில் யார் சொல்வதைக் கேட்பது?

- ஒரு வாசகி, இளம்பிள்ளை, சேலம் மாவட்டம்

பதில்: உங்கள் மகன் சொல்லும் குறைகள் எல்லாமே உண்மை. ஆனால் அவற்றில் பாதி உங்கள் தொழிலைத் தொடாது. உங்களுக்கு இடிக்கப்போகும் குறை வேறொன்று. அதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

முதலில் விலை. 2025 பிப்ரவரி 19ஆம் தேதி அறிவித்து, 28ஆம் தேதி கடைக்கு வந்த இந்த போனின் ஆரம்ப விலை அப்போது 59,900 ரூபாய். அதுவும் 128 ஜிபிக்கு. 256 ஜிபிக்கு 69,900 ஆக இருந்தது. இதற்கு முன் இந்த இடத்தில் இருந்த ஐபோன் எஸ்இ 2022இல் வந்தபோது 43,900 ரூபாய்தான். திரைக்குக் கீழே இருந்த வட்டப் பொத்தான் போய், 6.1 அங்குல ஓஎல்இடி திரையும் முகம் பார்த்துத் திறக்கும் வசதியும் வந்திருக்கின்றன, ஒத்துக்கொள்கிறேன். அதற்காக 16,000 ரூபாய் ஏறிய ஒன்றை 'மலிவு விலை ஐபோன்' என்று விளம்பரம் செய்பவர்களை நம்பாதீர்கள். 16 வரிசை ஐபோன்கள் இந்தியாவிலேயே அசெம்பிள் செய்யப்பட்டவை, நம் ஸ்ரீபெரும்புதூரிலும் ஐபோன் தயாராகிறது என்று பெருமைப்பட்டுக் கொள்ளலாம். பில்லில் அந்தப் பெருமைக்குத் தள்ளுபடி கிடையாது.

மகன் சிரிக்கும் 60 ஹெர்ட்ஸுக்கு வருவோம். திரை ஒரு நொடியில் எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்ற கணக்கு இது. இருபதாயிரம் ரூபாய் ஆண்ட்ராய்டிலேயே 120 வந்துவிட்ட காலத்தில் 60 கொடுப்பது கஞ்சத்தனம்தான். விரலால் தள்ளும்போது வித்தியாசம் தெரியும். ஆனால் 79,900 ரூபாய்க்கு வந்த ஐபோன் 16-இலும் இதே 60தான். அந்த 16 வரிசையில் 120 வேண்டுமென்றால் ப்ரோவுக்குப் போக வேண்டும். உங்கள் லைவைப் பார்க்கிற வாடிக்கையாளருக்கு உங்கள் திரை எத்தனை ஹெர்ட்ஸ் என்பது தெரியப்போவதில்லை. இதை விட்டுத்தள்ளுங்கள்.

'எம்எம்வேவ் 5ஜி இல்லை' என்று யூடியூபில் ஒரு குறை சுற்றுகிறது. அது அமெரிக்கக்காரர்களின் கவலை. இந்தியாவில் விற்கும் ஐபோன் எதிலுமே அது இருந்ததில்லை.

இனி கேமரா. பின்னால் இருப்பது ஒரே ஒரு 48 மெகாபிக்சல் கேமராதான். அதே சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் எடுத்து 2 மடங்கு ஜூம் தருகிறார்கள். இது சும்மா பெரிதாக்கிக் காட்டும் டிஜிட்டல் ஜூம் போல மங்காது, நன்றாகவே வருகிறது. அல்ட்ராவைடு இல்லாதது உங்களுக்குப் பெரிய இழப்பில்லை. கல்யாண மண்டபத்தில் மொத்தக் குடும்பத்தையும் ஒரே படத்தில் அடக்க அது வேண்டும். சேலைக்கு அதில் எடுத்தால் ஓரங்கள் இழுபட்டு, நேரான பார்டர் வளைந்து தெரியும்.

ஆனால் அந்த அல்ட்ராவைடோடு சேர்ந்து, மிக அருகில் வைத்து எடுக்கும் மேக்ரோவும் போய்விட்டது. நான் சொன்ன இடிக்கும் குறை இதுதான். ஐபோன் 16-இல் அல்ட்ராவைடு கேமராதான் 2 சென்டிமீட்டர் நெருக்கம் வரை போய் ஃபோகஸ் செய்கிறது. "ஜரிகையைக் கிட்டக் காட்டுங்க", "புட்டாவுக்குப் பின்பக்கம் நூல் எப்படி இருக்கு?" என்று கேட்காத வாடிக்கையாளர் உண்டா? 16இ-யைத் துணிக்கு மிக அருகில் கொண்டுபோனால் ஃபோகஸ் பிடிக்காமல் தடுமாறும். ஒரு வழி இருக்கிறது: கிட்டப் போகாமல் ஓரடி தள்ளி நின்று 2 மடங்கில் எடுங்கள். போனின் நிழலும் துணி மேல் விழாது. முந்தியின் டிசைனுக்கும் பார்டருக்கும் இது போதும். நூலை எண்ணும் அளவுக்கு வேண்டுமென்றால் போதாது.

படம் எடுப்பதைப் பற்றிப் பேசும்போதே இன்னொன்று. ஐபோன் வழக்கமாக எச்இஐசி என்ற வடிவத்தில் படத்தைச் சேமிக்கும். சில ரீசெல்லர்களின் பழைய கம்ப்யூட்டரில் அது திறக்காது. செட்டிங்ஸில் கேமரா, அதில் ஃபார்மட்ஸ் போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்று மாற்றிவிட்டால் ஜேபிஜியாக வரும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது எச்டி என்பதைத் தொட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் அது படத்தைச் சுருக்கிவிடும், 48 மெகாபிக்சல் இருந்தும் பயனில்லை.

மகள் பக்கம் நியாயம் இருப்பது பேட்டரியில். தொடர்ந்து வீடியோ ஓட்டினால் 26 மணி நேரம் தாங்கும் என்கிறது ஆப்பிள். ஐபோன் 16க்கு அதே கணக்கில் 22 மணி நேரம். பிரித்துப் பார்த்தவர்கள் 16இ-க்குள் 4,005 எம்ஏஎச் பேட்டரியும், 16க்குள் 3,561உம் இருப்பதைக் காட்டியிருக்கிறார்கள். பேட்டரி நீடிப்பதற்கு இன்னொரு காரணம் சி1 என்ற மோடம், அதாவது போனை டவரோடு பேச வைக்கும் சிப். அதுவரை குவால்காம் போன்றவர்களிடம் வாங்கிக்கொண்டிருந்த ஆப்பிள், 2019இல் இன்டெலின் மோடம் பிரிவை விலைக்கு வாங்கி, 16இ-யில்தான் முதன்முதலாகத் தன் சொந்த மோடத்தை வைத்தது. முதல் முயற்சி என்பதால் சிக்னல் சொதப்புமோ என்று நானும் சந்தேகப்பட்டேன். அப்படிப் பெரிய புகார் எதுவும் இதுவரை கண்ணில் படவில்லை.

லைவில் சூடாகும் சிக்கலுக்கும் இதில் பாதி மருந்து இருக்கிறது. பெரும்பாலும் சார்ஜரைச் செருகிக்கொண்டே லைவ் ஓட்டுவதால்தான் போன் கொதிக்கிறது. சாயங்கால லைவ் முழுக்கச் செருகாமலே ஓட்ட இந்தப் பேட்டரி இடம் கொடுக்கும். அதற்காக ஐபோன் சூடாகவே ஆகாது என்று நினைத்துவிட வேண்டாம். நேர் வெயிலில் வைத்தால் இதுவும் திரையை மங்கச் செய்யும்.

இன்னொரு குறை: 16இ-யின் முதுகில் மேக்சேஃப் காந்தம் இல்லை. ஸ்டாண்டில் ஒட்டிவைக்க முடியாது, கம்பியில்லா சார்ஜும் 7.5 வாட்டோடு நின்றுவிடும். நாலு காந்தத்தை வைக்க ஆகும் செலவு ஆப்பிளுக்கு ஒரு பொருட்டே அல்ல. ஐபோன் 16-இலிருந்து 16இ-யைப் பிரித்துக் காட்டத்தான் வேண்டுமென்றே எடுத்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம். நீங்கள் கிளாம்ப் வைத்த ரிங் லைட் ஸ்டாண்ட் பயன்படுத்தினால் கவலையில்லை. ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் என்ற ஏஐ வசதியைச் சொல்லிக் கடைக்காரர் ஆசை காட்டினால் மயங்காதீர்கள். அதற்குத் தமிழ் தெரியாது, அதிகம் பேசப்பட்ட புது சிரியும் தள்ளிப்போகிறது என்று 2025 மார்ச் 7ஆம் தேதி ஆப்பிளே சொன்னது.

கடைக்கு ஒரு நம்பர், வீட்டுக்கு ஒரு நம்பர் வைத்திருப்பீர்கள். 16இ-யில் ஒரு சிம் கார்டுக்குத்தான் இடம். இன்னொன்றை இ-சிம்மாக மாற்ற வேண்டும். ஜியோ, ஏர்டெல், வி மூன்றும் இ-சிம் தருகின்றன. கடை நம்பரை வாட்ஸ்அப் பிசினஸில் வைத்துக்கொண்டால் இரண்டு கணக்கும் ஒரே போனில் ஓடும். பழைய போனில் இருக்கும் வாட்ஸ்அப் பேச்சுகளை, புது ஐபோனை முதன்முதலில் இயக்கும்போதே 'மூவ் டு ஐஓஎஸ்' செயலி வழியாகக் கொண்டுவந்துவிடுங்கள். அப்போது விட்டால், ஐபோனை முழுக்க அழித்து மறுபடி தொடங்க வேண்டிவரும். ஆர்டரும் அட்ரஸும் அதில்தானே கிடக்கும்?

128 ஜிபி போதுமா என்றால், ஐபோனின் வழக்கமான வடிவத்திலேயே 4கே-யில் நொடிக்கு 60 ஃபிரேம் வைத்து எடுத்தால் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 400 எம்பி போகும். 1080பி-யில் 30 ஃபிரேம் என்றால் 60 எம்பிதான். ரீல்ஸுக்கு அது தாராளம். 256க்குக் கூடுதலாகப் பத்தாயிரம் கொடுக்க வேண்டாம்.

மகனின் கையில் இருக்கும் பலமான வாதம் ஹெர்ட்ஸ் அல்ல, ஒன்பிளஸ் 13ஆர். 2025 ஜனவரியில் 42,999 ரூபாய்க்கு வந்தது. 6,000 எம்ஏஎச் பேட்டரி, 80 வாட் சார்ஜ், தனி டெலிஃபோட்டோ கேமரா எல்லாம் அதில் உண்டு. ஆண்ட்ராய்டிலேயே தொடரத் தயார் என்றால் மிச்சமாகும் பணத்தில் நல்ல விளக்குகளும் ஒரு மைக்கும் வாங்கலாம். இன்ஸ்டாகிராம் வீடியோவின் தெளிவில் ஐபோனுக்குத்தான் என் ஓட்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் முடிவு இது. 59,900 கொடுத்து 16இ வாங்காதீர்கள். ஐபோன்தான் வேண்டுமென்றால் ஐபோன் 16-இன் விலையைக் கவனித்துக்கொண்டிருங்கள். சலுகை நாட்களில் அது 70,000க்குக் கீழேயும் வந்திருக்கிறது. அந்த விலைக்குக் கிடைத்தால் மேக்ரோவுக்காகவே அதை எடுங்கள். 16இ 50,000க்கு இறங்கினால் மகள் பேச்சைக் கேட்கலாம். எதை வாங்கினாலும், ஜரிகை வைத்த ஒரு சேலையோடு கடைக்குப் போய், அங்கேயே ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.