பாறாங்கல்லை நகர்த்த: கடப்பாரையா, உருளையா, செயின் பிளாக்கா?

தோட்டத்துக்குக் கல் வாங்குகிறவர்கள் நிறத்தைப் பார்க்கிறார்கள், வடிவத்தைப் பார்க்கிறார்கள். எடையை யாரும் கேட்பதில்லை. லாரி வந்து வாசலில் கொட்டிவிட்டுப் போன பிறகுதான் அந்தக் கேள்வி வருகிறது. கருங்கல் ஒரு கன அடி ஏறக்குறைய 75 கிலோ. இரண்டடி விட்டமுள்ள உருண்டைக் கல் 300 கிலோவைத் தாண்டும். மூன்றடி விட்டம் என்றால் ஒரு டன். கண்ணுக்கு ஓரடிதான் கூடியிருக்கிறது, எடையோ மூன்று மடங்குக்கு மேல் ஏறிவிட்டது.

ஆகவே முதல் வேலை அளவு நாடா எடுப்பது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடிக் கணக்கில் பெருக்குங்கள். கல் உருண்டையாக இருந்தால் வருவதில் பாதியையும், கோணல்மாணலாக இருந்தால் மூன்றில் இரண்டு பங்கையும் எடுத்துக்கொண்டு 75 ஆல் பெருக்குங்கள். கிடைக்கும் எடை உத்தேசம்தான், ஆனால் கருவியைத் தேர்ந்தெடுக்க அது போதும்.

வெறும் கையால் தூக்குவதை முதலிலேயே தள்ளிவைத்துவிடலாம். வயது வந்த ஆண் ஒருவர் சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967லேயே பரிந்துரைத்திருக்கிறது. ஒரு கன அடிக் கல்லே அதைத் தாண்டுகிறது. தென்மாவட்டங்களில் இளவட்டக்கல் தூக்கியவர்கள் உண்டு. ஆனால் அது வழவழவென்று உருட்டிய கல், பயிற்சி பெற்ற உடம்பு, ஒரு கண நேரத்துத் தூக்கல். தோட்டக் கல்லைத் தூக்கவே வேண்டாம். தரையை விட்டு அது எழ வேண்டிய உயரம், அடியில் ஒரு கட்டை நுழையும் அளவுதான்.

அந்த உயரத்துக்குக் கடப்பாரையை மிஞ்சிய கருவி இல்லை. ஐந்தடிக் கடப்பாரையின் நுனியைக் கல்லுக்கு அடியில் கொடுத்து, நுனியிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி ஒரு கட்டையை அண்டைக் கொடுங்கள். இந்தப் பக்கம் 57 அங்குலம், அந்தப் பக்கம் 3 அங்குலம். நீங்கள் கொடுக்கும் அழுத்தம் 19 மடங்காகிறது. 20 கிலோ அளவுக்கு அழுத்தினால் மறுமுனையில் 380 கிலோ. கல்லின் ஒரு பக்கத்தை மட்டும் எழுப்ப அதன் எடையில் ஏறக்குறைய பாதி விசை போதும் என்பதால், 300 கிலோக் கல் இதற்குச் சுலபமாக அசைந்து கொடுக்கும். இதற்கு விலையும் உண்டு. உங்கள் கை 19 அங்குலம் இறங்கினால் கல் ஒரே ஓர் அங்குலம்தான் எழும். பொறுமை இல்லாதவருக்குக் கடப்பாரை ஒத்துவராது.

அண்டைக் கொடுக்கச் செங்கல் வேண்டாம், நொறுங்கிவிடும். வேம்பு, கருவேலம் போன்ற கெட்டியான மரத்துண்டுதான் சரி. மண் இளக்கமாக இருந்தால் அந்தத் துண்டு புதையாமல் இருக்க அதன் அடியில் ஒரு பலகை போட வேண்டும். கடப்பாரைக்கு நேர் மேலே முகத்தைக் கொண்டுபோகாதீர்கள். கல் நழுவினால் கம்பி எகிறும்.

எழுப்பியதை எழுப்பிய இடத்திலேயே நிறுத்துவது அடுத்த பாதி வேலை. தேர் இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். வடம் பிடிப்பவர்கள் ஆயிரம் பேர் இருந்தாலும், தேரை நிறுத்துவதும் திருப்புவதும் சக்கரத்தில் முட்டுக்கட்டை போடுகிறவர்கள்தான். பின்னாலிருந்து சன்னைக் கட்டையை மிதித்துத் தேரைக் கிளப்புவதும் நெம்புகோல் வேலையே. தோட்டத்திலும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நெம்ப, மற்றவர் உடனே கட்டையைச் செருக வேண்டும். செருகும்போது கட்டையைப் பக்கவாட்டில் பிடித்துத் தள்ளுங்கள். விரல் எந்த நேரத்திலும் கல்லுக்கு அடியில் போகக் கூடாது.

அடி தட்டையான கல்லுக்கு இன்னொரு வழி உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த வாலி வாலிங்டன் என்ற ஓய்வு பெற்ற கட்டடத் தொழிலாளி, டன் கணக்கிலான கான்கிரீட் கட்டைகளைத் தனியாளாக நகர்த்திக் காட்டியவர். கட்டையின் நடுப்பகுதிக்கு அடியில் சிறு கல் ஒன்றை வைத்தால் முழு எடையும் அந்தப் புள்ளியில் உட்கார்ந்துவிடும். பிறகு ஓரத்தைத் தள்ளினால் கட்டை சுழலும். இரண்டு புள்ளிகளை மாற்றி மாற்றி வைத்துச் சுழற்றினால் கட்டை முன்னேறிப் போகும். சிமென்ட் தளத்தில் இது அருமையாக வேலை செய்கிறது. செம்மண் தரையில் அந்தச் சிறுகல் புதைந்துபோகும், முயல வேண்டாம்.

பத்தடிக்கு மேல் தூரம் என்றால் கடப்பாரையால் மட்டும் நகர்த்துவது நாளை விழுங்கிவிடும். அப்போது உருளைதான். கீழே இரண்டு சென்டரிங் பலகைகளைத் தண்டவாளம் போல் போட்டு, அதன்மேல் குழாய்கள், குழாய்கள் மேல் ஒரு தடித்த பலகை, அதன்மேல் கல். பலகையைத் தவிர்க்கக் கூடாது. கரடான கல் நேரடியாக உருளையில் உட்காராது. சவுக்குக் கட்டையைவிட இரண்டு அங்குல இரும்புக் குழாயே என் தேர்வு. சவுக்கு ஒரு முனை பருத்தும் மறுமுனை சிறுத்தும் இருப்பதால் பாரம் ஒரு பக்கமாக வளைந்து போகும். சவுக்குதான் கிடைக்கிறது என்றால் பருத்த முனைகளை வலமும் இடமுமாக மாற்றிப் போடுங்கள். பலகைக்கு அடியில் எப்போதும் மூன்று உருளையாவது இருக்க வேண்டும். ஒருவர் பின்னால் விடுபடுவதை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டே வருவார்.

உருளையின் ஆபத்து சரிவில்தான். பத்தடிக்கு ஓரடி இறங்கும் சரிவில் 300 கிலோக் கல் தானாகவே 30 கிலோ விசையோடு கீழே இழுக்கும். உருளையில் அதைத் தடுக்க உராய்வும் அதிகம் இருக்காது. எனவே இறக்கத்தில் உருளை கூடாது. அங்கே சறுக்குப் பலகையில் வைத்து, மேலே ஒரு மரத்தில் கயிற்றைச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக விட்டு இறக்குங்கள். மணல் தரையில் சறுக்கினால் முன்னால் லேசாகத் தண்ணீர் தெளிக்கலாம். பழைய எகிப்தின் கல்லறை ஓவியம் ஒன்றில் சிலை இழுக்கும் சறுக்குக்கு முன்னால் ஒருவர் நீர் ஊற்றுகிறார். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் இதைச் சோதித்து, அளவாக நனைத்த மணலில் இழுவிசை ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது என்று கண்டார்கள். அதிகம் ஊற்றினால் சேறாகிக் காரியம் கெடும்.

காற்றடித்த டயர் உள்ள இரண்டு சக்கரத் தள்ளுவண்டி, கெட்டித் தரையில் 150 கிலோ வரைக்கும் எல்லாவற்றையும்விட வேகமானது. அதே எடையைத் தண்டும் கயிறும் போட்டு நான்கு பேர் தோளில் எடுத்துப் போகலாம், படிக்கட்டு குறுக்கிட்டால் வேறு வழியும் இல்லை. நால்வரும் ஒரே உயரமாக இருப்பது நல்லது.

கல் மேலே ஏற வேண்டும், அல்லது குழியில் குறிப்பிட்ட முகம் வெளியே தெரிய உட்கார வேண்டும் என்றால் முக்காலியும் செயின் பிளாக்கும் வாடகைக்கு எடுங்கள். இதற்கு நிகராகக் கைக்கருவி எதுவும் இல்லை. சங்கிலியை விட்டுவிட்டாலும் பாரம் நின்ற இடத்திலேயே நிற்கும், அரை அங்குலம் இறக்கி, திருப்பி, மறுபடி ஏற்றலாம். முக்காலியின் கால்கள் விரியாதபடி அடியில் கயிற்றால் பிணையுங்கள். பாரத்தை நேர் மேலே மட்டும் தூக்குங்கள். பக்கவாட்டில் இழுத்தால் முக்காலியே சாயும். கல்லைப் பெல்ட்டால் சுருக்குப் போட்டுக் கட்டினால், பெல்ட்டில் எழுதியிருக்கும் திறனில் ஐந்தில் நான்கு பங்குதான் கணக்கு.

ஒரு டன்னுக்கு மேல் உள்ள கல்லுக்கு ஹைட்ரா கிரேனையோ ஜேசிபியையோ கூப்பிடுங்கள். வண்டி நுழையாத சந்து என்றால் சிறிய கல்லாக வாங்குவதே சரி.

எந்தக் கருவியானாலும், லாரியிலிருந்து இறக்கும்போதே வைக்கப்போகும் இடத்துக்கு மேட்டுப் பக்கமாக இறக்கச் சொல்லுங்கள். மழை பெய்த மறுநாள் வேலை வைக்காதீர்கள். நெடுநாள் கிடந்த கல்லுக்கு அடியில் தேளும் பாம்பும் இருக்கும். முதல் நெம்பலில் திறக்கும் பக்கத்துக்கு எதிரே யாரும் நிற்க வேண்டாம்.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஐந்தடிக் கடப்பாரையும் கூடவே ஏழெட்டுக் கெட்டி மரத்துண்டுகளும் வாங்குங்கள். வீட்டுத் தோட்டக் கற்களில் பெரும்பாலானவற்றுக்கு அது போதும். ஆள் வைத்துச் செய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கல் வேலைக்கு வருகிறவர்கள் பலர் ரப்பர் செருப்போடுதான் வருகிறார்கள். விரல் பக்கம் இரும்பு வைத்த பூட்ஸும் கையுறையும் வாங்கிக் கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.