கடை மேனேஜருக்கும் ஒரு பாடம்

நம்மவர் கடைகளில் மேனேஜர் எப்படி உண்டாகிறார் என்பது யாவரும் அறிந்ததே. கடைப்பையனாகச் சேர்கிறார்; மூட்டை பிரிக்கிறார்; நிறுக்கிறார்; கல்லாவில் அமர்கிறார். பதினைந்து வருஷம் நாணயமாக இருந்தபின், முதலாளி ஊருக்குப் போகும்போது சாவியை அவர் கையில் கொடுக்கிறார். அன்றே அவர் மேனேஜர்! சரக்கும் விலையும் அவருக்கு அத்துபடி. ஆனால் பத்துப் பேரை வைத்து வேலை வாங்குவது வேறு வித்தை; அதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆகவே, தம்மை அதட்டியது போலவே தாமும் பிறரை அதட்டுகிறார்.

ஜொகூரில் இது நஷ்டமான பழக்கம். அதட்டல் பொறுக்காத பையன் அடுத்த மாதமே கடற்பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் நிற்கிறான். அங்குள்ள சம்பளத்தோடு நாம் போட்டியிட இயலாது. எனினும், எல்லோரும் சம்பளத்துக்காகவே போவதில்லை. மேனேஜரின் வாய்க்குப் பயந்து போகிறவர்களும் உண்டு. அவர்களையாவது நிறுத்திக் கொள்ளலாமல்லவா?

இதற்கு நல்ல முறை ஒன்று முன்பே உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்காவில் அனுபவசாலிகள் பலர் போர்முனைக்குப் போய்விட, புதியவர்களைக் கொண்டு தொழிற்சாலைகளை நடத்த வேண்டியதாயிற்று. 1940 முதல் 1945 வரை அந்நாட்டு அரசாங்கம் மேற்பார்வையாளர்களுக்கு மூன்று பாடங்கள் நடத்தியது: வேலையைக் கற்பிப்பது, ஆட்களோடு இணங்கி நடப்பது, வேலை முறையைச் சீர்செய்வது. 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கற்றுத் தேறினர். யுத்தத்துக்குப் பின் ஜப்பானியரும் இதைக் கைக்கொண்டனர்.

முதற்பாடத்தில் நான்கு படிகள். குளிர்பெட்டியில் பால் அடுக்கும் வேலையை எடுத்துக் கொள்வோம். முதலில், பையனின் அச்சத்தைப் போக்கி, அவனுக்கு என்ன தெரியும் என்று கேட்க வேண்டும். அடுத்து, செய்து காட்ட வேண்டும். தேதி முந்தியது முன்வரிசை, பிந்தியது பின்வரிசை. ஏன் அப்படி என்பதையும் சொல்ல வேண்டும். மூன்றாவது, அவனையே செய்யவிட்டு, காரணத்தையும் அவன் வாயால் சொல்லச் செய்ய வேண்டும். மத்ரஸாவில் பாடம் ஒப்புவித்தவர்களுக்கு இது புதிதன்று. நான்காவது, தனியே விட்டு, சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது என்று காட்டி, முதலில் அடிக்கடியும் பிறகு எப்போதாவதும் போய்ப் பார்க்க வேண்டும். நம் மேனேஜர்களோ இரண்டாம் படியில் பாதியிலேயே, "பார்த்துக் கற்றுக்கொள்" என்று போய்விடுகிறார்கள்.

பயிற்சிக்குப் பணம் ஏது என்பீர்கள். சகோதரர்களே, உங்கள் பணமே இருக்கிறது! 2001-ஆம் வருஷச் சட்டப்படி மனிதவள மேம்பாட்டுக் கழகமாகிய எச்.ஆர்.டி. கோர்ப்புக்கு லெவி செலுத்தும் கடமை, 2021 மார்ச் முதல் மேலும் பல துறைகளுக்கு விரிந்தது. 10 பேருக்குக் குறையாமல் மலேசியப் பிரஜைகளை வைத்திருப்பவர் மாதச் சம்பளத்தில் 1 சதவீதம் கட்ட வேண்டும். 5 முதல் 9 பேர் வைத்திருப்பவர் விரும்பினால் அரை சதவீதம் கட்டிச் சேரலாம். வெளிநாட்டு ஆட்கள் இக்கணக்கில் சேரார். தொழிலாளியின் சம்பளத்தில் இதைப் பிடிக்கவும் கூடாது. 12 பேருக்கு மாதச் சம்பளம் 24,000 வெள்ளி என்றால் லெவி 240 வெள்ளி. வருஷத்துக்கு 2,880 வெள்ளி. நம்மவரில் பலர் இதை வரி என்று எண்ணிக் கட்டிவிட்டு மறந்து விடுகிறார்கள். அது ஆட்களின் பயிற்சிக்கென நம் கணக்கில் நிற்கும் தொகை. வகுப்பு ஆரம்பிக்குமுன்பே மனுச் செய்ய வேண்டும். முடிந்தபின் பில்லோடு போய்ப் பயனில்லை.

வகுப்பைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் தேவை. ஓட்டலில் கூட்டிவைத்துக் கைதட்டச் சொல்லி அனுப்பும் கூட்டங்கள் நமக்கு உதவா. ஆட்களுக்கு வேலை கற்பிப்பதையும், சண்டை வந்தால் இருபக்கமும் விசாரிப்பதையும் செய்து பழக்கும் வகுப்பா என்று முதலிலேயே கேளுங்கள். மேனேஜர் போகும் இரண்டு நாள் கல்லாவில் யார் அமர்வது? நோன்பு மாதத்தையும் பள்ளி விடுமுறையையும் தவிர்த்து, வியாபாரம் மந்தமான நாளாகப் பார்த்து, அவருக்கு அடுத்தவரை அமர்த்துங்கள்.