லேப்டாப்பில் ஜிபிஎஸ் பேசவில்லையா? ஐந்து படிகளில் சரிபார்ப்போம்

உழவர் நண்பர்களே, கிணறு, வரப்பு, மரங்கள், பக்கத்து ரசாயன வயலை ஒட்டி நாம் விடும் காப்புப் பகுதி எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் வைத்துக்கொண்டால் பண்ணைத் திட்டம் சுலபமாகும். அதற்கு ஒரு பழைய லேப்டாப், காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ், க்யூஜிஐஎஸ் மென்பொருள், யுஎஸ்பியில் செருகும் ஜிபிஎஸ் கருவி போதும். கருவியைச் செருகியும் ஒன்றும் நடக்கவில்லையா? உடனே "கருவி போச்சு" என்று முடிவு கட்டாதீர்கள். வங்கியில் கணக்கு டேலி ஆகாவிட்டால் வவுச்சரை ஒவ்வொன்றாகத்தான் புரட்டுவோம். இங்கேயும் அதே வழிதான். நான் சொல்வது உபுண்டு, டெபியன் வகை லினக்ஸுக்கு.

1. கம்பி: டெர்மினலைத் திறந்து எல்எஸ்யூஎஸ்பி என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி விடாமல் அடியுங்கள். கருவியைச் செருகுமுன் ஒரு தடவை, செருகியபின் ஒரு தடவை. இரண்டாவது தடவை ஒரு வரி கூடியிருக்க வேண்டும். கூடவில்லை என்றால் வேறு துளையில் செருகுங்கள், கேபிளை மாற்றுங்கள். சில கேபிள்கள் சார்ஜ் மட்டுமே ஏற்றும், தகவல் கடத்தாது.

2. பெயர்: சூடோ டிமெசேஜ் (எஸ்-யூ-டி-ஓ, இடைவெளி, டி-எம்-இ-எஸ்-ஜி) கட்டளை கொடுத்துக் கடைசி வரிகளைப் பாருங்கள். டிடிஒய்ஏசிஎம்0 அல்லது டிடிஒய்யுஎஸ்பி0 என்று ஒரு பெயர் வரும். அதுதான் கருவியின் விலாசம். குறித்து வையுங்கள்.

3. அனுமதி: "பெர்மிஷன் டினைடு" என்று வந்தால் கருவியில் பழுதில்லை. லாக்கர் அறைக்குள் போகப் பதிவேட்டில் பேர் வேண்டுமல்லவா? இங்கே அந்தப் பதிவேடு 'டயல்அவுட்' என்ற குழு. சூடோ, அட்யூசர், உங்கள் பயனர் பெயர், டயல்அவுட் ஆகிய நான்கையும் இந்த வரிசையில் இடைவெளி விட்டு ஒரே வரியில் அடியுங்கள். பிறகு லாக் அவுட் செய்து மறுபடி உள்ளே வர வேண்டும். அதுவரை அனுமதி செல்லாது.

4. யார் பிடித்திருக்கிறார்கள்: "டிவைஸ் பிஸி" என்றால் வேறொரு நிரல் கருவியைப் பிடித்து வைத்திருக்கிறது. ஜிபிஎஸ்டி என்ற சேவையை நிறுவி அதனிடமே கருவியை ஒப்படைப்பது நல்லது. ஒரே கருவியைப் பல நிரல்களுக்கு அது பங்கிட்டுத் தரும். அதன் அமைப்புக் கோப்பில் 'டிவைசஸ்' என்ற வரியில், முன்னால் /டெவ்/ சேர்த்து, குறித்து வைத்த விலாசத்தை எழுதிச் சேவையை மறுபடி தொடங்குங்கள். க்யூஜிஐஎஸ்ஸில் ஜிபிஎஸ்டியைத் தேர்ந்தெடுத்து, போர்ட் எண் 2947 கொடுத்தால் போதும்.

5. வானம்: சிஜிபிஎஸ் என்ற நிரலை ஓடவிடுங்கள். "நோ ஃபிக்ஸ்" என்று காட்டினால் கருவி வேலை செய்கிறது, செயற்கைக்கோள்தான் கிடைக்கவில்லை. உயரத்தோடு இடம் சொல்லக் குறைந்தது 4 செயற்கைக்கோள்கள் வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே, அடர்ந்த தோப்புக்குள்ளே அது கஷ்டம். வெட்டவெளிக்கு வந்து, முதல் தடவை 15 நிமிடமாவது பொறுங்கள். "3டி ஃபிக்ஸ்" வந்தபின் வேலையைத் தொடங்கலாம்.

இனி முக்கியமான எச்சரிக்கை. சாதாரணக் கருவியில் சில மீட்டர் பிசகு இருக்கும். ஒரு ஏக்கர் சதுர நிலத்தின் பக்கம் சுமார் 63.6 மீட்டர். நீளத்திலும் அகலத்திலும் 3 மீட்டர் கூடுதலாகக் காட்டிவிட்டால் பரப்பு ஏறக்குறைய 9.6 சென்ட் கூடிவிடும். அதனால் மரக் கணக்கு, பயிர்த் திட்டம், குட்டைக்கு இடம் பார்ப்பது இவற்றுக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் திரையைக் காட்டிப் பங்காளியிடமோ பக்கத்து நிலத்துக்காரரிடமோ வரப்புச் சண்டைக்குப் போக வேண்டாம். எல்லைக்குப் புலப்படமும் சர்வேயர் அளவும்தான் செல்லும்.